முட்டை அட்டைக்குச் சத்தம் அடங்காது

கண்காட்சி அறைகளில் ஒலியும் வீடியோவும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சமீபத்தில் இளம் கலைஞர்கள் சிலர் கூப்பிட்டு ஓர் அறையைக் காட்டினார்கள். எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிய இன்ஸ்டலேஷன், அதாவது அறை முழுவதையுமே படைப்பாக்கும் கலை. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், சாம்பல் படிந்த சதுப்பு, பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என்று நிலக்காட்சிப் படங்கள் ஒரு சுவர் முழுக்க. நடுவில் தொங்கும் இரண்டு திரைகளில் வீடியோ. நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர். பதிவுகளைக் கேட்டேன், அவ்வளவு பொறுமையாக உழைத்திருக்கிறார்கள்.

ஆனால் மீதி மூன்று சுவர்களிலும் கூரையிலும் முட்டை அட்டை. அட்டை போதாத இடத்தில் மெத்தைக்கடை ஸ்பாஞ்ச். அதற்கு மேல் கறுப்புத் துணி. உள்ளே போக ஒரே வாசல், அதிலும் தரை தொடும் கறுப்புத் திரை. இப்படி எத்தனை அறைகளைப் பார்த்துவிட்டேன்! ஒவ்வொரு முறையும் நேரில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. கொஞ்சமாகக்கூடத் தடுக்காது. பக்கத்து அறைக்குச் சத்தம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் நடுவில் கனமான பொருள் வேண்டும், காற்று நுழையச் சந்து இருக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வேலையைச் செய்யும். காகிதக் கூழில் செய்த, கையால் கிழிக்கக்கூடிய அட்டை எப்படிச் செய்யும்? அந்தச் சுவரில் எவ்வளவு அட்டை ஒட்டினாலும், கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து இருந்தால் சத்தம் அந்த வழியாகப் போய்விடும். சந்தை அடையுங்கள், கதவைக் கனமாக்குங்கள். பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

“சரி, தடுக்காவிட்டாலும் எதிரொலியையாவது குறைக்குமே” என்பார்கள். குறைக்கும், ஆனால் குறையக் கூடாததைக் குறைக்கும். இந்த வேலையின் உயிரே மின்நிலையத்துப் பக்கம் ஓயாமல் கேட்கும் அந்த ரீங்காரம்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் முனகும். அந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அதைப் பஞ்சால் நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 85 சென்டிமீட்டர் அளவுக்கு ஆழம் வேண்டும். முட்டை அட்டையின் ஆழம் ஐந்து சென்டிமீட்டர். ஆகவே ரீங்காரம் அப்படியே அறைக்குள் உருண்டுகொண்டிருக்கும். அட்டை விழுங்குவது பறவைக் குரலையும், துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்தையும், மீனவர் பேச்சின் தெளிவையும்தான். பாடுபட்டுப் பதிவு செய்ததை நீங்களே மழுக்கிவிட்டு, “ஸ்பீக்கர் சரியில்லை” என்று எங்களைக் கூப்பிடுகிறீர்கள்.

இதுவரை சொன்னது கலைக்கு வரும் கேடு. உயிருக்கு வரும் கேடு வேறு.

2003 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதி. சத்தம் வெளியே போகக் கூடாதென்று மேடையைச் சுற்றி பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருந்தார்கள், மெத்தைக்கடை ஸ்பாஞ்சும் பெரும்பாலும் இதே வகைதான். மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி அதில் பட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே இருக்க முடியாத நிலை. பெரும்பாலோர் தாங்கள் வந்த வாசலுக்கே ஓடி நெருக்கியடித்தார்கள். 100 பேர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரியில், பிரேசிலின் சாண்டா மரியா நகரில் ‘கிஸ்’ விடுதி. அங்கும் வாணம், அங்கும் ஃபோம், 242 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. இந்த ஃபோம் எரியும்போது சயனைடு வாயு வரும்.

“நாங்கள் வாணம் விடப்போவதில்லையே” என்று சொல்லாதீர்கள். உங்கள் அறையில் விளக்குப் புரொஜெக்டர் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, கூட்டத்தின் காலடியில் மிதிபடும் வயர் இருக்கிறது. அதுவும் இருட்டில், அந்த இடத்துக்கே புதிதாக வந்தவர்கள் நிற்கும் அறை.

அப்புறம், இவற்றைச் செய்யுங்கள். உறிஞ்சும் பொருள் வேண்டுமென்றால் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை வாங்கி, தீப்பிடிக்காத துணி சுற்றி, சுவரிலிருந்து இடைவெளி விட்டு மாட்டுங்கள். கடைக்காரர் “நெருப்புப் பிடிக்காது சார்” என்று வாயால் சொன்னால் போதாது, சான்றிதழைக் கேளுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துங்கள், மூலை ரீங்காரத்தை ஊதிப் பெருக்கும். கேட்பவருக்கு அருகே சிறிய ஸ்பீக்கர் வைத்தால் பாதிச் சத்தத்திலேயே எல்லாம் தெளிவாகக் கேட்கும், பக்கத்து அறைக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

வெளியேற இரண்டாவது வழி இல்லாத அறையை இருட்டாக்காதீர்கள். வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கின் வெளிச்சம் வீடியோவைக் கெடுக்கிறது என்று அதன்மேல் டேப் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். படத்தின் கறுப்பு கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும்.

ஆறு ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 1,380 வாட்தான் தாங்கும். பெரிய விளக்குப் புரொஜெக்டர் ஒன்றே 400 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி நீட்டாதீர்கள். புரொஜெக்டரை அழகுக்காகப் பிளைவுட் பெட்டிக்குள் மூடாதீர்கள், அதற்கு மூச்சு வேண்டும்.

வீடியோவில் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெளிச்சம் மின்னினால், வாசலிலேயே எழுதி வையுங்கள். வலிப்பு உள்ளவர்கள் உள்ளே வருமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்வையாளர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தன்னார்வலரை யாரும் நினைப்பதே இல்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்கு வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு. அவரை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள்.

அறையின் அளவும் வாசல்களின் இடமும் குறித்த ஒரு தாளோடு, படங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே எங்களில் யாரையாவது கூப்பிடுங்கள். அட்டையை ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால், திறப்பு விழா நாளைக்கே இருந்தாலும் சரி, இன்றிரவே பிய்த்துவிடுங்கள். பசைத் தடத்தின் மேல் வெள்ளையடிக்க நானே ஆள் அனுப்புகிறேன்.