ஓபி சீட்டில் ‘வீசிங்’ என்று எழுதி அனுப்புகிறார்களா? சிஓபிடி நோயாளி கேட்டு வாங்க வேண்டியவை

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பத்து நிமிடம் நெபுலைசர், மூச்சுக்குழாயை விரிக்க ஒரு டெரிஃபிலின் ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை, சீட்டில் ‘வீசிங்’. அடுத்த மாதம் திரும்பவும் அதே வரிசை, அதே ஊசி. வீசிங் என்பது நெஞ்சில் கேட்கும் சத்தத்துக்குப் பெயர். சத்தத்துக்கு மாதாமாதம் மருந்து எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சீட்டில் ஏறினால்தான் மற்றதெல்லாம் நகரும்.

தேசியத் தொற்றா நோய்த் திட்டம் 2010-ல் தொடங்கியது, 2023-ல் பெயர் மாறியது. சிஓபிடியும் அதில் அடக்கம். 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சால்பியூட்டமால், டையோட்ரோப்பியம், பியூடசனைடு–ஃபார்மோட்டெரால் என்ற மூன்று இன்ஹேலர் மருந்துகளும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதெல்லாம் கவுன்டரில் இருக்காது என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கு வருவது முக்கியமாக ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள். இன்ஹேலரும் வரும் என்று காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம்.

முதல் சிக்கல் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து, 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேள்வி கேட்டு நிரப்பும் சிபிஏசி என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்புப் படிவத்தில் மூன்று பகுதிகள் கவனிக்க வேண்டியவை. ‘ஏ’ பகுதிக்கு மதிப்பெண் உண்டு: வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய். விறகடுப்பா, வறட்டியா, மண்ணெண்ணெயா, செங்கல் சூளை வேலையா என்று கேட்பது ‘சி’ பகுதி. அது சிஓபிடிக்கென்றே வைத்தது, ஆனால் அதற்கு மதிப்பெண்ணே இல்லை! முப்பது வருடம் விறகடுப்பில் ஊதிய, பீடியைத் தொட்டே பார்க்காத, ஒல்லியான பெண் இப்படித்தான் கணக்கில் விழாமல் போகிறார். அவருக்கு வழி ‘பி’ பகுதி. மூச்சுத்திணறல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இரண்டும் அங்கே இருக்கின்றன. அந்தப் பகுதியில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே, மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். “வயசாச்சுல்ல, அதான் இளைக்குது” என்று நீங்களே பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். “மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஆமாம்னு போடுங்க” என்று சொல்லுங்கள்.

இரண்டு வார இருமல் என்றதும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். காசநோய் இல்லை என்று உறுதியாவது அவசியம், மறுக்காதீர்கள். கோளாறு அதற்குப் பிறகுதான். ‘டிபி இல்லை’ என்று வந்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். காசநோய்க்கு முழுச் சிகிச்சை எடுத்து முடித்தவருக்கும் நுரையீரலில் அடைப்பு மிஞ்சலாம். மூச்சு அப்படியேதான் இருக்கிறது என்றால் அன்றைக்கே அடுத்த சோதனையைக் கேளுங்கள்.

அந்தச் சோதனை ஸ்பைரோமெட்ரி, ஊதிப் பார்க்கும் டெஸ்ட். எக்ஸ்ரேயை வைத்து சிஓபிடி என்று முடிவு கட்ட முடியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தக் கருவி இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். வெறும் கையோடு போனால் ஓபியில் புதிதாகச் சீட்டுப் போட்டு, பொது மருத்துவரைப் பார்த்து, அவர் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு எழுதி என்று ஒரு நாள் போய்விடும். “டாக்டர், ஸ்பைரோமெட்ரிக்குன்னே ரெஃபர் எழுதிக் கொடுங்க” என்று இங்கேயே கேட்டு வாங்குங்கள். சளி ரிசல்ட்டையும் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் சில இடங்களில் ஊதவே விட மாட்டார்கள்.

சோதனையில் இரண்டு சுற்று உண்டு. முதலில் ஊத வேண்டும். பிறகு 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால், அதாவது நூறு வீதம் நான்கு பஃப் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊத வேண்டும். கூட்டம் அதிகமென்றால் இரண்டாவது சுற்றை விட்டுவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஆஸ்துமாவா சிஓபிடியா என்று யாரும் உறுதியாக எழுத மாட்டார்கள். இன்னொரு நாள், இன்னொரு பஸ் செலவு. மருந்துக்குப் பிந்தைய எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதும் காற்று), எஃப்விசி (மொத்தமாக ஊதும் காற்று) விகிதம் 0.7-க்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சின்னக் கருவிகளில் ரிப்போர்ட் ஏடிஎம் சீட்டுப் போன்ற தாளில் வரும், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். திரும்பி வந்ததும் தொற்றா நோய்ப் பிரிவு நோட்டில் ‘சிஓபிடி’ என்று எழுதச் சொல்லி, கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது மருந்து கவுன்டர். இன்ஹேலர் ஸ்டாக் இல்லை என்றால் சால்பியூட்டமால் மாத்திரையும் தியோஃபிலினும் கைக்கு வரும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இன்ஹேலர் செய்கிற வேலையை அவை செய்யாது. சிலருக்கு பியூடசனைடு என்ற ஸ்டீராய்டு மட்டும் உள்ள பம்ப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். தனி ஸ்டீராய்டு பம்ப் சிஓபிடிக்குச் சரியான சிகிச்சை அல்ல; மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்துதான் அடிப்படை. மருத்துவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். இல்லாத மருந்துக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை வைத்து 104 சுகாதார உதவி எண்ணில் புகார் சொன்னால் நிற்காது.

ரொட்டாகேப், அதாவது உறிஞ்சும் பொடி அடைத்த கேப்சூல் கொடுத்தால் அதை விழுங்கக் கூடாது. சிரிக்காதீர்கள், மாத்திரைக் கவரில் போட்டு ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுத்தால் யாரும் விழுங்கத்தான் செய்வார்கள். கருவியில் போட்டு, வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். பம்ப் இதற்கு நேர்மாறு: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பம்ப்போடு பொருத்தும் குழாயான ஸ்பேசர் இருந்தால் தவறு குறையும். 200 டோஸ் முடிந்த பிறகும் பம்ப் ‘புஸ்’ என்று வாயுவைப் பீய்ச்சும், மருந்து இருக்காது. தொடங்கிய தேதியைப் பம்ப்பின் மேல் எழுதி வையுங்கள். பேச்சு முழு வாக்கியமாக வராமல் திணறினால், உதடு நீலமானால், அரைத்தூக்கமாகக் கிடந்தால் உடனே 108. ஆக்சிஜன் வைக்கும்போது சிஓபிடி என்று சொல்லுங்கள். இவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவின் இலக்கு 88 முதல் 92 சதவீதம், நூறு அல்ல.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பது உண்மை. ஆனால் அது படுக்கையில் சேர்ந்தால்தான். மாதா மாதம் வாங்கும் இன்ஹேலருக்கு அட்டையை நீட்டிப் பயனில்லை.

மில் வேலைக்காரர்கள், சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் ஏமாறும் இடம் வேறு. சாதாரண நோய்க்கால உதவி 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். அதைத் தாண்டி இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம் தரும் நீட்டிப்பு, 34 நோய்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் வெறும் சிஓபிடி கிடையாது. ‘இதயச் செயலிழப்புடன் கூடிய சிஓபிடி’, அதாவது கார் பல்மொனேல்தான் உண்டு. கால் வீங்கியிருந்தால் எக்கோ எடுக்கச் சொல்லி, அந்த முழுப் பெயரும் சான்றிதழில் வருகிறதா என்று பாருங்கள். பாதிப் பெயரோடு போன மனு திரும்பி வரும். இரண்டு ஆண்டு தொடர் வேலையும், ஆறு மாதம் வீதம் நான்கு சந்தாக் காலத்தில் 156 நாள் சந்தாவும் கேட்பார்கள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஐபி நம்பர் (காப்பீட்டு எண்) போட்டிருந்தால் நாள்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். நோய் வந்தபின் சேர்க்க அலைவதைவிட, நம்பர்களை இப்போதே கிளை அலுவலகத்தில் ஒன்றாக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.

நூற்பாலையில் பஞ்சுத் தூசி பறக்கும் ப்ளோ ரூமிலோ கார்டிங்கிலோ வேலை பார்த்து, வார லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்றால் அதை மருத்துவர் சீட்டில் எழுத வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இருக்கிறது. அப்படி ஏற்கப்பட்டால் தற்காலிக ஊனத்துக்கு 90 சதவீதம், 78 நாள் கணக்கும் கேட்க மாட்டார்கள். எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்பது சீட்டில் இல்லாவிட்டால் ‘பீடி குடிப்பவர்’ என்ற ஒரு வரியை வைத்தே தட்டிக்கழிப்பார்கள்.