உமியை ஊதிப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கிளினிக் மூடுகிற நேரம். ஒரு அப்பாவும் ஏழெட்டு வயது மகளும் செருப்பு டப்பாவோடு வந்தார்கள். உள்ளே ஒரு ஜீப்ரா ஃபின்ச், கூண்டில் வளர்க்கிற சின்னக் குருவி. சிறகை உப்பவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தராசில் வைத்தேன். 9 கிராம். 12, 13 கிராமாவது இருந்திருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்தி முனை போல விரலில் குத்தியது.

"சாப்பிடுதா?"

"கிண்ணம் நிறைய தீனி இருக்கு டாக்டர். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப பார்த்துட்டுத்தான் போனோம். நேத்து ராத்திரி வந்தப்பவும் நிறையத்தான் இருந்துச்சு. ஆனா ஜோடியில ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. என்ன நோய்னு தெரியல."

கைப்பேசியில் கூண்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கிண்ணம் நிறைந்துதான் இருந்தது, உமியால். ஒரு மணி தினை கூட இல்லை. வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "கிண்ணம் நிறைய இருந்துச்சே டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது 'நிறைந்த கிண்ணம்' இது. நான்கு வீட்டிலும் அன்பானவர்கள், படித்தவர்கள். நான்கு பேருமே "நோய்" என்றுதான் சொன்னார்கள். நோய் இல்லை, பட்டினி.

நம் ஊரில் பறவைத் தீனி என்றால் கோழியும் புறாவும்தான் கண்முன் நிற்கும். அவை தானியத்தை அப்படியே விழுங்கும். கிண்ணத்தில் மிச்சம் கிடப்பது தானியம்தான், சந்தேகமே இல்லை. ஃபின்ச் அப்படித் தின்னாது, லவ் பேர்ட்ஸும் தின்னாது. ஒவ்வொரு மணியையும் அலகில் உருட்டி, உமியை உரித்து, உள்ளே இருக்கும் அரிசியை மட்டும் தின்னும். உமி மறுபடி அதே கிண்ணத்தில் விழும். தினை உமி வாய் பிளந்த சிப்பி மாதிரி உருண்டையாகவே கிடக்கும், நிறமும் பளபளப்பும் மாறாது. நின்றபடி எட்டிப் பார்த்தால் புத்தம் புதுத் தீனி போலத் தெரியும். அடியில் கொஞ்சம் தானியம் மிச்சம் இருந்தாலும், கோழி மாதிரி காலால் கிளறி எடுக்க ஃபின்ச்சுக்குத் தெரியாது. உமிக்கு மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கும். இவ்வளவு சிறிய உடம்பு ஒரு நாள் முழுப் பட்டினியையே தாங்குவது கஷ்டம். இரண்டு நாள் என்பது கல்யாண வீட்டுக்குப் போய்வந்த உங்களுக்குத்தான் குறுகிய காலம்.

எனவே காலையும் மாலையும் கிண்ணத்தை வெளியே எடுங்கள். ஊதுங்கள். பறப்பது உமி, கிடப்பது தீனி. நம் பாட்டிகள் முறத்தில் புடைத்த அதே கணக்குதான். மேலாகத் தீனியைக் கொட்டி நிரப்பாதீர்கள், அடியில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். கொட்டிவிட்டு, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சரி, இதைப் படித்ததும் "இவ்வளவு வேலையா?" என்று தோன்றினால் நல்லது. இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இன்னும் வாங்காதவர்களுக்கு.

ஃபின்ச் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: "கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டுமா?" ஆமாம் என்றால் வேண்டாம். கிளிக்கு மனிதனோடு பழக ஆசை உண்டு. ஃபின்ச்சுக்கு இன்னொரு ஃபின்ச்சோடுதான். உங்கள் கை அதற்குப் பருந்தின் கால். பிடிக்கப் பிடிக்க நெஞ்சு படபடத்து, சில சமயம் கையிலேயே உயிர் போய்விடும். நானே பரிசோதிக்கும்போது விளக்கை அணைத்து, ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, விட்டுவிடுவேன். அதன் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் ஒன்றேகால் மில்லி. நகம் வெட்டுகிறேன் என்று வீட்டில் யாராவது கத்தரியை எடுத்தால், நாலைந்து சொட்டு போனாலே ஆபத்து. குழந்தையின் கையில் கொடுக்க ஒரு பிராணி வேண்டுமென்றால் அது ஃபின்ச் இல்லை. பார்த்து ரசிக்கவும் கேட்டு ரசிக்கவும் மட்டும் என்றால், அதைப் போல இன்னொன்று கிடையாது. காலையில் ஆண் பறவை தொண்டையைப் புடைத்துக்கொண்டு பாடுவதைப் பார்க்கிற சுகமே தனி. நாள் முழுக்கப் பொம்மை ஊதல் மாதிரி 'மீப் மீப்' என்றும் கேட்கும். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து முதல் ஏழு வருடம்.

ஒற்றையாக வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் ஜாதி அது.

கூண்டு விஷயத்தில் கடைக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். "சின்னக் குருவிதானே சார்" என்று சொல்லி, கோயில் கோபுரம் மாதிரி உயரமான வட்டக் கூண்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிளி கம்பியைப் பிடித்து அலகால் ஏறும், அதற்கு உயரம் பயன்படும். ஃபின்ச் ஏறாது, பக்கவாட்டில் பறக்கும். அதற்கு வேண்டியது நீளம். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம் என்பது குறைந்தபட்சம், மூன்றடி இருந்தால் நல்லது. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சி, நடுவில் பறக்க இடம். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை போதும். கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை மட்டும் தூக்கிப் போடுங்கள், கால் புண்ணாகி வருகிற பறவைகளில் பாதி அதில் உட்கார்ந்தவைதான்.

அப்புறம் அந்த மண் கலயம். ஜோடி வாங்கினால் இலவசமாக ஒன்றைக் கூண்டில் தொங்கவிட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் முட்டை. எல்லோருக்கும் சந்தோஷம், புகைப்படம். நாலைந்து முட்டை, இரண்டு வாரம் அடைகாப்பு, மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளியே. குஞ்சு பறக்கப் பழகுவதற்குள் அடுத்த முட்டை. கலயம் இருக்கிற வரை அது நிற்காது. வெறும் தினை தின்கிற தாய்ப்பறவைக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? தன் எலும்பிலிருந்துதான். நாலாவது ஐந்தாவது ஈட்டில் முட்டை பாதி வழியில் நின்றுவிடும். கூண்டின் தரையில் வால் ஆட ஆட மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குப் பறவை இருக்காது. தயவுசெய்து வயிற்றை அமுக்காதீர்கள், விளக்கெண்ணெய் தடவாதீர்கள், யூட்யூப் பார்த்து எதுவும் செய்யாதீர்கள். டப்பாவில் துணி போட்டு, ஒரு பக்கம் வெதுவெதுப்பாக வைத்து, உடனே கொண்டுவாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: கலயமே வேண்டாம், இரண்டு ஆண் பறவைகளை வாங்குங்கள். பாட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும், ஏனென்றால் ஆண்தான் பாடும். சாம்பல் நிற ஜீப்ராவில் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருப்பது ஆண். வெள்ளை ஜீப்ராவில் அந்தத் திட்டு தெரியாது, அலகின் சிவப்பை வைத்துத்தான் சொல்ல முடியும். பெங்காலீஸ் என்ற இன்னொரு ஃபின்ச் வகையில் பார்த்துச் சொல்லவே முடியாது, பாடுகிறதா என்று கடையில் பத்து நிமிடம் நின்று கேட்க வேண்டும்.

முதல் பறவைக்கு நான் சொல்வது பெங்காலீஸ்தான். சாது, சண்டை குறைவு, நம் நடமாட்டத்துக்குச் சீக்கிரம் பழகும். காட்டில் இப்படி ஒரு பறவையே கிடையாது. நம் வயல்களிலும் புதர்களிலும் திரிகிற வெண்முதுகுச் சில்லையின் இனம் 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போய், அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்து உருவானது. அதனால்தான் கூண்டு வாழ்க்கை அதற்கு ஒத்துப்போகிறது. ஜீப்ரா ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. கொஞ்சம் முரடு, ஆனால் தாக்குப்பிடிக்கும். ஏழு வண்ணத்தில் மின்னுகிற கோல்டியன் ஃபின்ச்சைப் பார்த்து மயங்காதீர்கள். விலையும் அதிகம், மூச்சுக்குழாயில் உண்ணி வந்து 'டிக் டிக்' என்று ஓசையோடு மூச்சு விடுகிற கேஸ்களும் அதில்தான் அதிகம்.

கடையில் சிலர் ரகசியமாக "முனியா இருக்கு, வேணுமா?" என்பார்கள். முனியா என்றால் நம் சில்லைதான். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, சிவப்புச் சில்லை எல்லாம் நம் வயலில் வலை போட்டுப் பிடித்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சில சமயம் பச்சை, நீலச் சாயம் பூசி 'வெளிநாட்டுக் குருவி' என்று விற்பார்கள். பறவை சிறகைக் கோதக் கோத அந்தச் சாயம் வயிற்றுக்குள் போகும். இரண்டு வருடம் முன்பு ஒரு பாட்டி பேரனுக்கு வாங்கிய 'கலர் ஃபின்ச்' ஆறும் வெறும் சில்லைகள். குளிக்கத் தண்ணீர் வைத்ததும் தண்ணீர் பச்சையானது, பாட்டி பயந்து என்னிடம் ஓடிவந்தார். வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்தோம். மிஞ்சியது இரண்டு.

தீனி என்றால் தினை மட்டும் இல்லை. சாமை, பனிவரகு கலந்து கொடுங்கள். கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒரு துண்டு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். கொதிக்கவைத்துப் பொடித்த முட்டை ஓடும் நல்லது. கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி தினமும் கொஞ்சம், வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த முட்டை ஒரு கிள்ளு. தண்ணீரை மாலைக்குள் ஒருமுறை மாற்றுங்கள், எச்சம் விழாத இடத்தில் வையுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, டீ கூடவே கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது? சமையலறையில் மட்டும் வேண்டாம். நான்ஸ்டிக் தவா அடுப்பில் மறந்து காய்ந்துபோனால் வருகிற புகை நமக்குத் தலைவலி, பறவைக்குச் சில நிமிடங்களில் மரணம். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் அந்த அறையில் கூடாது. "அப்ப கொசுவுக்கு என்ன டாக்டர் பண்றது?" கூண்டுக்கு வலை கட்டுங்கள், அதே கொசுதான் பறவைக்கு அம்மை கொண்டுவருகிறது. பால்கனி என்றால் காகமும் பூனையும் எட்டாத இடம், மே மாத வெயில் நேரடியாகப் படாத இடம். கூண்டைத் திறப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் மாதம் ஒன்று வருகிறது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று நூற்றுக்கு நூறு பேர் சொல்வார்கள். இல்லை, நல்லா இருப்பது போல நடித்தது. கூட்டத்தில் சோர்வாகத் தெரிந்தால் பருந்து அதைத்தான் முதலில் குறிவைக்கும், அதனால் நிற்க முடிகிற வரை நின்றுகொண்டுதான் இருக்கும். பகலில் உப்பிக்கொண்டு தூங்கினால், பாட்டு நின்றால், கூண்டின் தரையில் உட்கார்ந்தால் அன்றே கிளம்புங்கள். கடைக்காரர் கொடுக்கிற மஞ்சள் ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலந்து வைக்காதீர்கள். தண்ணீரே குடிக்காத நோயாளிக்குத் தண்ணீரில் மருந்து கலந்து என்ன பயன்? பறவை பார்க்கிற மருத்துவர்கள் குறைவு. எங்கள் படிப்பில் மாடும் ஆடும் நாயும்தான் பெரும்பங்கு. ஆகவே வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊரில் யார் பறவை பார்க்கிறார் என்று விசாரித்து, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு இருட்டில் பறந்து கம்பியில் மோதிக் கழுத்து முறிந்த பறவைகள் மறுநாள் காலை வரிசையாக வரும். அன்று கூண்டை உள்ளறைக்கு நகர்த்தி, ஜன்னலைச் சாத்தி, மங்கலான விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்களா? தினமும் வந்து பார்க்க ஆள் இருந்தால் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால் மட்டும் போதாது, உமியை ஊதவும் சொல்லிக் கொடுங்கள்.

அந்த அப்பா இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். மகள் மறுபடி ஃபின்ச் வேண்டும் என்கிறாளாம். முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காலிக் கூண்டை அப்படியே வையுங்கள். உள்ளே பறவை இருப்பதாக நினைத்து 30 நாள் தினமும் இரண்டு வேளை கிண்ணத்தைத் துடைக்கட்டும், தண்ணீர் மாற்றட்டும், அடித் தட்டில் காகிதம் மாற்றட்டும். ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து. முடிந்ததும் கூட்டிவாருங்கள், நானே உங்களோடு கடைக்கு வருகிறேன்" என்றேன்.

நேற்று வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. சுத்தமான காலிக் கூண்டு, பக்கத்தில் கோடு கோடாகப் போட்ட ஒரு நோட்டுத் தாள். கீழே எழுதியிருந்தார்: "11ஆவது நாள் மறந்துட்டா டாக்டர். அவளே அழிச்சுட்டு ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிருக்கா."