சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள்: பிரிவுப் பதற்றம் குழந்தைகளுக்கு மட்டுமல்ல

போன ஜூனில், பள்ளி திறந்து மூன்றாவது வாரம், நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி, சில நாள் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ரத்தம், சிறுநீர் பார்த்தாகிவிட்டது, குடற்புழு மாத்திரை கொடுத்தாகிவிட்டது, 'எங்கேயோ பயந்திருக்கான்' என்று பாட்டி சொன்னதால் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. கடைசியில் குழந்தைகள் டாக்டர்தான் மனநல மருத்துவரான என்னிடம் அனுப்பினார்.

பையன் பேசிய நேரம் முழுக்க இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தான். காட்டுப்பா என்றதும் தயங்கித் தயங்கி நீட்டினான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், நீலப் பேனாவால் எழுதிய பத்து இலக்கங்கள். அம்மாவின் போன் நம்பர். தினமும் குளித்து முடித்ததும் புதிதாக எழுதிக்கொள்வானாம். "நம்பர்தான் உனக்கு மனப்பாடமாச்சே, அப்புறம் எதுக்கு எழுதுறே?" என்றேன். "பயத்துல மறந்துட்டா?" என்றான்.

(இந்தக் கட்டுரையில் வரும் எல்லோருடைய விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

விசாரித்தபோது தெரிந்தது இது. முந்தைய வருடம் அப்பாவுக்கு டெங்கு. ராத்திரி பதினோரு மணிக்கு நிலைமை மோசமாகி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் அழுவான் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள். விடிந்ததும் பாட்டி சொன்னது, "அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போயிருக்காங்க." கடைக்குப் போனவர்கள் ஆறு நாள் கழித்துத்தான் வந்தார்கள். அப்பா தேறிவிட்டார், வீடு அதை மறந்துவிட்டது. பையன் மறக்கவில்லை. நாம் தூங்கும்போது ஆட்கள் காணாமல் போகலாம், பெரியவர்கள் அதைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார்கள் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேரன் அழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். நம்மில் பெரும்பாலானோர் இதைச் செய்கிறோம். டிவியைப் போட்டுவிட்டு, 'அங்கே பாரு காக்கா' என்று காட்டிவிட்டு, பின்வாசல் வழியாக நழுவிப் போகிறோம். இத்தனைக்கும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னாலே அபசகுனம் என்று அதட்டி, 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்துகிறவர்கள் நாம். அந்தச் சொல்லுக்குள்ளேயே திரும்பி வருவதும் இருக்கிறது. பெரியவர்களிடம் தவறாமல் சொல்லும் அதைக் குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பிரிவுப் பதற்றம், அதாவது நெருங்கியவர்களைப் பிரியும்போது வரும் பயம், முதலில் ஒரு நோயே அல்ல. ஏழெட்டு மாதக் குழந்தை அம்மா அடுக்களைக்குள் போனாலே அலறுகிறதென்றால், அம்மா என்ற ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்று அதன் மூளைக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இந்த அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று வயதை ஒட்டிப் பெரும்பாலும் தணிந்துவிடும். அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ முதல் இரண்டு வாரம் அழும் பிள்ளைக்கு டாக்டர் தேவையில்லை.

இந்த அழுகையை மருத்துவ உலகமே ரொம்ப காலம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 1950களில்கூட சேர்த்த குழந்தையைப் பெற்றோர் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதித்தார்கள், பார்த்தால் அழுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அவரும் அவருடன் வேலை பார்த்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் சொன்னது என்னவென்றால், பிரிந்த குழந்தை முதலில் அழுது போராடும், பிறகு சோர்ந்து துவளும், கடைசியில் அமைதியாகி ஒட்டாமல் போய்விடும். அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் நர்சுகள் 'பழகிட்டான், சமர்த்தாயிட்டான்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கச் சொன்ன பிறகுதான் அங்கே விதிகள் மெல்ல மாறின. நம் ஊர்க் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து அம்மாக்கள் படுத்திருப்பதை இடைஞ்சலாகப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

சரி, எப்போது இது கோளாறு? வயதுக்கு மீறிய அளவில், குழந்தைகளிடம் குறைந்தது நான்கு வாரம், பெரியவர்களிடம் பொதுவாக ஆறு மாதம் நீடித்து, படிப்பையோ வேலையையோ தூக்கத்தையோ கெடுக்கும்போது. தனியாகத் தூங்க மாட்டான், அம்மா பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பான், அம்மாவுக்கு விபத்து நடப்பதாகக் கனவு வரும், பிரியும் நேரம் நெருங்கினால் வயிறு வலிக்கும், தலை வலிக்கும். அந்த வலி நிஜமான வலி என்பதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள். 'நடிக்கிறான்' என்று சொல்லி அடித்துவிட்டு, பிறகு என் முன்னால் அழுத அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்குப் போக மறுக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் பிரச்சினை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பெற்றோரிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் வகுப்பிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை சந்தோஷமாக இருப்பானா? ஆமாம் என்றால் அது பெரும்பாலும் பிரிவுப் பதற்றம். அப்போதும் நெளிகிறான், யாராவது கேள்வி கேட்பார்களோ, சிரிப்பார்களோ என்று கூசுகிறான் என்றால் சமூகப் பதற்றம் பக்கம் பார்க்க வேண்டும். வீட்டில் வாயாடியாக இருந்துவிட்டு பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் உண்டு, அது தேர்வுசார் மௌனம், திமிர் அல்ல. இது எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளியிலோ வேனிலோ டியூஷனிலோ யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று தனியாக, நிதானமாகக் கேட்டுவிட வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் அந்தப் பயம் நியாயமான பயம். பிள்ளையைத் தேற்றி மறுபடி அங்கேயே அனுப்புவது பெரிய துரோகம்.

இப்போது பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். "ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை போன் பண்றார் டாக்டர். எடுக்கலேன்னா ஆபீசுக்கே வந்துடறார். எங்க வீட்ல எல்லாரும் சந்தேகப் புத்தின்னு சொல்றாங்க." அவரைத் தனியாகப் பேச வைத்தபோது சந்தேகம் என்ற பேச்சே வரவில்லை. மனைவி ஸ்கூட்டியில் கிளம்பினால் வண்டிச் சத்தம் தெருமுனையில் மறையும்வரை கேட்டில் நிற்பார். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்கும், உடனே போன். மனைவி அவசரத்தில் 'போறேன்' என்று சொல்லிவிட்டால், திரும்பி உள்ளே வரச் சொல்லி, 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வைத்து அனுப்புவார். பதினொரு வயதில் ஒரு நாள் இவர் பள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம், அம்மா சாலை விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடம் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அவருக்கே மகள் பிறந்த பிறகுதான் இது கிளம்பியிருக்கிறது.

சந்தேகத்தில் கேள்வி 'யாரோட இருக்கே?' என்று வரும். பிரிவுப் பதற்றத்தில் 'உசுரோட இருக்கியா?' என்று வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ஒரே மாதிரி முப்பது மிஸ்டு கால்தான். ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: மனைவியை வேலைக்கு விடாமல் தடுப்பது, அடிப்பது, மிரட்டுவது இதற்கெல்லாம் 'பதற்றம்' என்ற சொல் போர்வையாகக் கூடாது. இந்த மனிதர் தன் பயத்துக்கு வெட்கப்பட்டார், மாற வேண்டும் என்று அவராகவே கேட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு வைக்க எங்களிடமே ரொம்ப நாளாகச் சரியான பெயர் இல்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பிரிவுப் பதற்றக் கோளாறு இடம்பெற்றபோது அது குழந்தைப் பருவக் கோளாறுகளோடு இருந்தது, பதினெட்டு வயதுக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பிந்தைய பதிப்புகளில் சேர்ந்தது. 2013இல் வந்த அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5தான் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு மற்ற பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 18 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கோளாறு வந்தவர்கள் 4.8 சதவீதம், அவர்களில் 43 சதவீதம் பேருக்கு முதன்முதலாக வந்ததே பதினெட்டு வயதுக்கு மேல்! ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன முதல் வருடம், முதல் பிரசவம், துணையை இழந்த பிறகு, இப்படி எப்போது வேண்டுமானாலும் இது தலைகாட்டலாம். இதோடு திடீர் பீதித் தாக்குதலோ மனச்சோர்வோ சேர்ந்து வருவதும் சகஜம், பல நேரம் அதற்குத்தான் வைத்தியம் நடக்கும், அடியில் இருப்பது கண்ணில் படாது.

வயதானவர்களிடம் இது வேறு முகத்தோடு வரும். மகள் வேலைக்குக் கிளம்பும் ஒன்பது மணிக்குத்தான் பாட்டிக்கு நெஞ்சு படபடப்பு வரும், ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்கும். 'நடிக்கிறாங்க, என்னை வெளியே விடக்கூடாதுன்னு' என்று மகளுக்கு எரிச்சல். நாற்பத்தைந்து வருடம் கூட இருந்த மனிதர் போய் ஒரு வருடம்கூட ஆகாத வீட்டில், பகல் முழுக்கத் தனியாக இருப்பது எப்படிப்பட்டது என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே அவசரப்பட்டு மனசு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டு கூடியிருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், இதயத் துடிப்புக் கோளாறு இருக்கலாம். மறதி நோயின் ஆரம்பத்தில் சிலர் பராமரிப்பவரின் பின்னாலேயே நிழல்போலத் திரிவார்கள், அதற்கு அணுகுமுறையே வேறு. அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவரிடம் சொல்லி வாங்கும் அல்பிரசோலம் மாதிரி பதற்றத்தை அடக்கித் தூக்கம் தரும் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவார்கள், பிறகு அது இல்லாமல் முடியாது, ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்கள் உண்டு.

வைத்தியம் என்னவென்றால், பிரிவைச் சின்னச் சின்னதாகப் பழகுவது. எழுத எளிது, வீட்டில் செய்வது கஷ்டம். அந்தப் பையன் வீட்டில் முதல் வாரம் செய்தது இவ்வளவுதான்: அம்மா அவனிடம் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் ஐந்து நிமிடம் இருந்து, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்த வாரம் பக்கத்துக் கடை, பத்து நிமிடம், வழியில் போன் கிடையாது. பிறகு பள்ளியில் இரண்டு பீரியட், பிறகு மதியம்வரை. கிளம்பும்போது ஒரு முத்தம், ஒரு 'போயிட்டு வர்றேன்', எத்தனை மணிக்கு வருவேன் என்ற உண்மையான நேரம், அவ்வளவோடு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். முதல் நாள் அவன் அழுதபோது 'பச்சப் புள்ளையை இப்படிக் கதற விடலாமா' என்று பாட்டியும் அழுதுவிட்டார். மூன்றாவது சந்திப்புக்குப் பாட்டியையும் வரவழைத்து, வேலையை அவர் கையிலேயே கொடுத்தேன். அம்மா போனதும் பேரனோடு பல்லாங்குழி ஆட வேண்டும், 'அம்மா எப்ப வருவா' என்று கேட்டால் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். அதற்குப் பிறகுதான் விஷயம் நகர்ந்தது. நடுவே காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டதில் பாதிதூரம் பின்னுக்குப் போய், மறுபடி மொட்டைமாடியிலிருந்து ஆரம்பித்தோம்.

பிள்ளை பயப்படுகிறது என்று நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொரு சலுகையும், லீவு போடுவது, கூடவே படுப்பது, பத்துத் தடவை 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது எல்லாமே, அந்த நிமிடம் ஆறுதலாக இருந்து அடுத்த நாள் பயத்தைக் கூட்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 124 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், குழந்தையைப் பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததும், குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்த அளவுக்குப் பலன் தந்தது. மருந்து பற்றியும் பயம் வேண்டாம். 2008இல் வெளியான, பதற்றக் கோளாறுள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றுவது) மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம், செர்ட்ராலின் என்ற மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. எல்லோருக்கும் மாத்திரை வேண்டியதில்லை. அந்தப் பையனுக்குக் கொடுக்கவில்லை, மனைவிக்கு போன் செய்துகொண்டே இருந்தவருக்குக் கொடுத்தேன். ஒரு வருடம் போல எடுத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகக் குறைத்தோம்.

இன்னொன்று. 'சேட்டை பண்ணினா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன்', 'அம்மா செத்துப்போயிடுவேன் பாரு' என்று விளையாட்டுக்கோ கோபத்துக்கோ சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை, அதை அப்படியே நம்பும்.

யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் பண்ணுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். வருவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: வலியோ படபடப்போ எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, அப்போது வீட்டிலிருந்து யார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், எப்போது அடங்கியது. அந்தப் பையனின் அம்மா எழுதிக்கொண்டு வந்த பக்கத்தில் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணியும் திங்கள் காலை ஏழு மணியும் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன, சனிக்கிழமைக்கு எதிரே எல்லா வாரமும் வெறுமையாக இருந்தது.