பூங்காவை மூடுவதற்கு முந்தைய நாள்

"பராமரிப்புப் பணி காரணமாகப் பூங்கா தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டுகிறோம்." ஏதாவது ஒரு நினைவுப் பூங்காவின் கேட்டில் இந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பீர்கள். நான் பழைய கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பழுதுபார்க்கும் பொறியாளன். பல வருடங்களாக அந்தப் பலகைக்கு உள்பக்கம் நின்று வேலை பார்க்கிறேன். என்ன வேலை நடக்கிறது, எதை மாற்றப்போகிறார்கள், எதைத் தொடமாட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் அந்தப் பலகையில் பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்பவர்களும் குறைவு.

மூடுவதில் தவறு இல்லை. வடிகால் தோண்டும்போதும், சாரம் கட்டிச் சுவரைத் தாங்கும்போதும், குழந்தைகள் ஓடிவிளையாடும் இடத்தைத் திறந்து வைக்க முடியாது. சொல்லப்போனால், இன்னும் கொஞ்ச நாள் மூடி வைக்கக் கூடாதா என்று நான் கெஞ்சியதுதான் அதிகம். பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது சிமென்ட் மாதிரி மறுநாளே இறுகாது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி வாங்கித்தான் கல்லாக மாறும். அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டால் மேஸ்திரியின் கை தானாகச் சிமென்ட் மூட்டைக்குப் போகும். பூச்சு பளிச்சென்று வந்துவிடும், விழாவும் நடந்துவிடும். ஆனால் சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. நாலைந்து மழைக்காலம் போனதும் உள்ளே இருக்கும் பழைய செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கும்.

சாதாரணப் பூங்காவில் நடைபாதைக் கல்லை மாற்றினால் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை. நினைவுப் பூங்கா அப்படி இல்லை. அங்கே சுவரும் தரையும்தான் சாட்சி. இதற்கு அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1919 ஏப்ரல் 13, பஞ்சாபியரின் வைசாகித் திருநாள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் தன் படையோடு வந்தது குறுகலான ஒரு சந்து வழியாக. இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகளையும் கொண்டு வந்திருந்தார். சந்து குறுகல் என்பதால் அவை வெளியே நின்றுவிட்டன. உள்ளே போன வீரர்கள், அங்கே கூடியிருந்த மக்கள்மீது சுமார் 10 நிமிடத்தில் 1,650 முறை சுட்டார்கள். இறந்தவர்கள் 379 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. காங்கிரஸ் நடத்திய விசாரணை 1,000 பேர் வரை என்றது. தப்ப வழியில்லாமல் பலர் அங்கிருந்த கிணற்றில் குதித்தார்கள். அந்தச் சந்தில் நடக்கும்போதுதான் ஏன் மக்களால் வெளியேற முடியவில்லை என்பது உடம்புக்கே புரியும். எந்தக் கண்காட்சிப் பலகையாலும் அதைச் சொல்லிவிட முடியாது.

1920-ல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அந்த இடத்தை வாங்கினார்கள். 1951-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1961-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அங்கே நினைவுத் தூணைத் திறந்துவைத்தார். அப்புறம் நூற்றாண்டை ஒட்டிய சீரமைப்புக்காக 2020 பிப்ரவரியில் மூடினார்கள். ஏப்ரல் 13-க்குள் திறப்பதாகத்தான் பேச்சு. கொரோனா வந்தது. மீண்டும் திறந்தபோது 2021 ஆகஸ்ட் 28 ஆகிவிட்டது.

உள்ளே போனவர்கள் பார்த்தது வேறொரு சந்து. சுவரில் சிரித்த முகத்தோடு நடக்கும் மனிதர்களின் புடைப்புச் சிற்பங்கள், காலடியில் வழவழப்பான புதுத் தரை. கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். நூறு வயதைத் தாண்டிய சுவருக்குத் தாங்கல் வேண்டும், வடிகால் வேண்டும், மழை உள்ளே இறங்காமல் தடுக்க வேண்டும். அந்த வேலைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தில் சிற்பம் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. டயரின் படை வந்த வழி அது. அங்கே எதையும் சேர்க்காமல் விடுவதுதான் வேலை. எனக்கு இன்னும் வருத்தம் தருவது, அந்த விவாதம் முழுவதும் திறந்த பிறகு நடந்தது. வரைபடத்தை முன்பே மக்கள் பார்வைக்கு விரிவாக வைத்திருந்தால் அந்தச் சிற்பங்களை அதிலேயே ஒரு ரப்பரால் அழித்திருக்கலாம்.

ஹிரோஷிமாவில் இன்னொரு விதமாகச் செய்கிறார்கள். அணுகுண்டில் மிஞ்சிய குவிமாடக் கட்டடத்தை இடித்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்று ஊரே பல வருடம் வாதாடியது. 1966-ல் நிரந்தரமாகக் காப்பதென்று நகர மன்றம் தீர்மானித்தது. அடுத்த வருடம், மக்கள் கொடுத்த பணத்தில், விரிசல்களுக்குள் எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினைச் செலுத்தி முதல் பழுதுபார்ப்பு நடந்தது. அதற்குப் பிறகும் பல முறை சாரம் கட்டியிருக்கிறார்கள். குண்டு விழுந்த பிறகு இருந்த நிலையிலேயே வைத்திருப்பதுதான் ஒவ்வொரு முறையும் குறிக்கோள். பக்கத்தில் இருக்கும் நினைவு அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது, முதலில் கிழக்குக் கட்டடத்தை மூடி வேலை பார்த்தார்கள். 2017 ஏப்ரலில் அதைத் திறந்த பிறகுதான் பிரதானக் கட்டடத்தை மூடினார்கள். அது 2019 ஏப்ரலில் திறந்தது. இத்தனை வருட வேலையிலும் வந்தவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கவில்லை.

நான் பார்த்த ஒரு சிறிய ஊர்ப் பூங்காவில் அப்படி யோசிக்கவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்களின் பெயர்கள் பொறித்த பளிங்குப் பலகை அங்கே உண்டு. சுற்றிலும் தகரம் அடித்திருந்தோம். அப்பாவின் நினைவு நாளில் வருடா வருடம் மாலை போட வரும் பெரியவரை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மறுநாள் காலையில் தகரத்தின் ஆணியில் வாடிய மாலை ஒன்று தொங்கியது. விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்த நினைவிட வேலை என்றாலும், நினைவு நாள்களின் பட்டியலை முதலில் வாங்கி, அந்த நாள்களில் ஒரு மணி நேரமாவது வழி விடும்படி திட்டத்திலேயே எழுதிவிடுகிறேன்.

அதே பூங்காவில் இன்னொன்றும் நடந்தது. கறை போக வேண்டும் என்று வேலையாள் ஒருவர் பளிங்கை ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார். பளிங்கு சுண்ணாம்புக் குடும்பம். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். ஏற்கெனவே தேய்ந்திருந்த ஆறு பெயர்கள் வாசிக்க முடியாமல் போய்விட்டன. தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும் என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஆறு பெயர்களை மீட்க உதவியது, பல வருடம் முன் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பலகைக்கு முன் நின்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம்.

சரி, உங்கள் ஊர் நினைவுப் பூங்காவை மூடப்போவதாகச் செய்தி வந்தால், மூடுவதற்கு முன்பே வார்டு உறுப்பினரிடமோ நகராட்சி அலுவலகத்திலோ வரைபடம் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் டெண்டர் விளம்பரம் வந்தவுடனே போட்டுவிடுவது நல்லது. கல்வெட்டைக் கழட்டி வைப்பார்களா, எங்கே வைப்பார்கள், பெரிய மரங்களின் அடியைச் சிமென்ட்டால் மூடாமல் மண் விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், பூங்கா திறந்திருக்கும் கடைசி நாளில் போன் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். கல்வெட்டை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால், தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள்; திரும்பச் செதுக்க வேண்டி வந்தால் எழுத்தின் அளவு அதில் கிடைத்துவிடும்.