சீனியரேஜ்: அந்த ‘சீனியர்’ யார்?

நாங்குநேரிப் பக்கம் அத்தானுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை உண்டு. மேலே சரள், கொஞ்சம் தோண்டினால் பாறை. அதில் விளைந்ததைவிடப் பொறுக்கிப் போட்ட கல்தான் அதிகம். குவாரிக்கு விட்டுப் பாரும் என்று யாரோ யோசனை சொல்ல, விசாரிக்கப் போன இடத்தில் ‘சீனியரேஜ் கட்டணும்’ என்றார்களாம். வந்ததும் என்னிடம் கேட்டார்: “எங்க தாத்தா வாங்குன நிலம்லா அது. அதுல நமக்கு சீனியர் எவம்லே?”

சிரித்துவிட்டேன். அப்புறம் அகராதியைப் புரட்டினால், அத்தான் தெரியாமலே சொல்லின் வேரில் கைவைத்திருக்கிறார்.

லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் கிழவர். ‘சீனியர்’ என்றால் வயதில் மூத்தவர். அந்த மூத்தவர் பிரெஞ்சுக்குப் போனதும் ‘சென்யோர்’ ஆகி, நிலத்துக்கு அதிபதியாகிவிட்டார். அவருக்குச் சேர வேண்டிய பங்குதான் சீனியரேஜ். வெள்ளியைக் கொடுத்துக் காசு அடித்துக் கேட்டவரிடம் அரசன் பிடித்துக்கொண்ட பங்குக்கும் இதே பெயர். பொருளாதாரப் பாடத்தில் இன்றும் அந்தப் பொருள்தான். நம் ஊரில் அது கல்லுக்கும் மண்ணுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி உடைகல், கிராவல் போன்றவற்றை எடுக்கும் அளவுக்கு ஏற்பக் கட்டுவது சீனியரேஜ். பட்டா நிலம் என்றாலும் விலக்கில்லை. அனுமதி வாங்கிப் பணம் கட்டினால்தான் லாரிக்கு நடைச்சீட்டு.

சுண்ணாம்புக்கல் மாதிரிப் பெருங்கனிமம் என்றால் பெயர் மாறி ‘ராயல்டி’ ஆகிவிடும். சிறு கனிமத்துக்கு வீதம் வைப்பது மாநில அரசு, பெருங்கனிமத்துக்கு ஒன்றிய அரசு. ராயல்டியின் வேரில் இருப்பவர் ராஜா. ஆக ஒன்றில் பிரபு, இன்னொன்றில் அரசன். இரண்டும் நிலத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவரின் பங்குதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உரிமைத்தொகை’ என்று எழுதுகிறார்கள். 2023-க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் மாதம் ஆயிரம் ரூபாயைத்தான் நினைப்பார்கள். ‘உரிமத்தொகை’ என்றால் லைசென்ஸ் கட்டணம் போலிருக்கிறது. சீனியரேஜ் அனுமதிக்கான கட்டணம் இல்லை, அள்ளிய அளவுக்கான பங்கு. ‘கனிம வரி’ என்பதும் பேச்சில் உண்டு.

‘இறை’ என்ற பழஞ்சொல் எனக்கு ஆசை காட்டியது. ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்ற குறளில் இறைவன் அரசன், இறை அவனுக்குரிய வரி. அரசனும் அவன் பங்கும் ஒரே வேர், ராயல்டியைப் போலவே. ஆனால் வரி என்று பொருள் தருவதுதான் இங்கே சிக்கல்.

ராயல்டி வரியா இல்லையா என்பது முப்பத்தைந்து ஆண்டுச் சண்டை. தாழையூத்தில் ஆலை வைத்திருக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் தொடுத்த வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் ‘ராயல்டி ஒரு வரி’ என்றது. 2004-இல் இன்னொரு அமர்வு, அந்த வாக்கியத்தில் அச்சுப்பிழையோ கவனக்குறைவோ நேர்ந்திருக்கிறது, ‘ராயல்டி மீதான செஸ் (அதாவது மேல்வரி) ஒரு வரி’ என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்றது. ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல என்று முடித்தார்கள். கனிமத்தை அனுபவிக்க விட்டதற்காகக் குத்தகைக்கு எடுத்தவர் விட்டவருக்குக் கொடுக்கும் ஈடு அது.

குத்தகைக்கு விட்டவருக்கு வரும் பங்குக்குத் தாமிரபரணிக் கரையில் பெயர் இல்லாமலா போயிற்று? வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. ‘வயலை வாரத்துக்கு விட்டிருக்கேன்’ என்று இன்றும் சொல்கிறோம். உழுதவன் பங்கு குடிவாரம், மேலே இருப்பவன் பங்கு மேல்வாரம். எட்டயபுரம், சிவகிரி, ஊற்றுமலை ஜமீன் ஊர்களில் புழங்கிய சொல். சீனியரில் மூத்தவர், மேல்வாரத்தில் மேலவர். ‘கனிம மேல்வாரம்’ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம்.

ஜமீன் வாடை அடிக்கிறதே என்பார்கள். அடிக்கட்டும். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த ஊர்களின் சுரங்கம், கனிமம், கல்குவாரி எல்லாவற்றையும் சேர்த்தே அரசின் கைக்கு மாற்றியது. மேல்வாரக்காரர்தான் மாறினார்.

எண்ணெய், எரிவாயுவுக்கும் இந்தச் சொல் பொருந்தும். அமெரிக்காவில் நிலத்துக்காரரே அடியில் இருக்கும் எண்ணெய்க்கும் உடையவராக இருக்கலாம். மேல்நிலத்தை ஒருவருக்கும் அடிநிலத்தை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்கவும் செய்வார்கள். டெக்சாஸில் பழைய வழக்கப்படி அடிநிலத்துக்கு உடையவருக்குக் கிடைத்த ராயல்டி எட்டில் ஒன்று. இப்போது கூடுதலாகவும் கேட்டு வாங்குகிறார்கள். எட்டில் ஒன்று என்றால் நம் கணக்கில் அரைக்கால். இந்தியாவில் ஏலத்தில் விட்ட நிலப்பகுதி வயல்களின் கச்சா எண்ணெய்க்கு வைத்த 12.5 சதவீதமும் அதே அரைக்கால்தான், ஆனால் அது போய்ச் சேருவது அரசுக்கு. ராமநாதபுரத்திலோ காவிரிக் கரையிலோ கிணறு தோண்ட நிலம் கொடுத்தவருக்கு மேல்நிலத்துக்கான ஈடுதான். குழாய் மட்டும் போனால் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் துண்டின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம், அதோடு பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய்க்கு மேல் வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது.

எல்லாவற்றையும் அத்தானிடம் சொன்னேன். மேல்வாரம் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்ப மேல்வாரம் கவர்மெண்டுக்கு, குடிவாரம் குவாரிக்காரனுக்கு. எனக்கு?”

“குத்தகைப் பணம் தருவான்லா அத்தான்.”

“அது செலவாயிரும். தோண்டுன கிடங்குதான் மிஞ்சும்” என்றார்.