வெளிச்சம் எந்தப் பக்கம்?

போன தை மாதம் மாம்பலத்திலிருந்து ஓர் அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். மகளின் கல்யாண குரூப் போட்டோவில், மூன்று வருடம் முன்பு காலமான கணவரைச் சேர்க்க வேண்டும். “அவர் இருந்திருந்தா எங்க நின்னிருப்பாரோ, அங்க வைங்க தம்பி” என்றார். மகன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்ததோ, கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தை மொபைலில் எடுத்தது. கண்ணாடியில் டியூப்லைட்டும் மகனின் முழங்கையும் தெரிந்தன.

மயிலாப்பூரில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வேலை மாதம் குறைந்தது இரண்டு வரும். வெட்டி ஒட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்து வருகிறார்கள். முடியின் ஓரத்தை வெட்ட இன்றைக்கு நல்ல டூல்கள் இருக்கின்றன, அரை மணி வேலை. ஒட்டியதைக் காட்டிக்கொடுப்பது வெளிச்சம்தான்.

நான் முதலில் மூக்கின் நிழலைப் பார்ப்பேன். மண்டபத்தில் வீடியோ லைட் வலப்பக்கம் நின்றிருக்கும். அப்பாவின் படத்தில் ஜன்னல் இடப்பக்கம் இருக்கும். “படத்தைத் திருப்பிப் போட்டுடுங்களேன்” என்பார்கள். திருப்பினால் வகிடு இடம் மாறும், சட்டைப் பை வலது மார்புக்குப் போகும், கன்னத்து மச்சம் எதிர்க் கன்னத்துக்கு வந்துவிடும். ஊரார் கவனிக்க மாட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒரே பார்வையில் “இது அவர் இல்லையே” என்பார்.

அடுத்தது தூரம். கை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரியும், காது பின்னால் ஒதுங்கும். குரூப் போட்டோவோ பதினைந்து, இருபது அடி தள்ளி நின்று எடுத்தது. இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு முகம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்; எந்த எடிட்டிங்கும் அதை முழுதாகச் சரிசெய்யாது. அப்புறம் கால். பாதம் தரையைத் தொடும் இடத்தில் கோடு போல ஒரு கறுப்பு நிழல் இருக்கும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். இறந்தவர்களை நாங்கள் பெரும்பாலும் இரண்டாம் வரிசையில் நிறுத்துவது மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கால் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் படத்தையே கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட் படம் 35க்கு 45 மில்லிமீட்டர்தான் என்றாலும் 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650க்கு 2125 பிக்சல் கிடைக்கும். குரூப்பில் ஒரு முகத்துக்கு அது தாராளம். மொபைலில் இருக்கும் படமென்றால் வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். நாலைந்து படம் கொடுத்தால் பொருந்துவதை நானே பொறுக்கிக்கொள்வேன்.

மெரினாவில் கடலுக்குள் சூரியன் இறங்குவது போல ஜோடிப் படம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நம் ஊர்க் கடல் கிழக்கே இருக்கிறது, அங்கே சூரியன் உதிக்கத்தான் செய்யும். சொன்னால் சிரித்துவிட்டு, “பரவாயில்லண்ணா, போடுங்க” என்பார்கள். போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பல படங்களைச் சேர்ப்பது கம்ப்யூட்டரோடு வந்த வித்தை என்று பலருக்கு எண்ணம். 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் என்ற ஆங்கிலேயர், சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் சுற்றியிருக்கும் குடும்பத்தையும் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். இவ்வளவு வேதனையான காட்சியைப் படமாக்கலாமா என்று அப்போதே அவரைக் கண்டித்தார்கள்.

இப்போது ஏ.ஐ. செயலிகள் பத்து நொடியில் அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திவிடுகின்றன. அவை பெரும்பாலும் படத்தை ஒட்டுவதில்லை, முகத்தைப் புதிதாக வரைகின்றன. மாம்பலத்துப் பையனும் வரும் முன்பே அதைச் செய்து பார்த்திருந்தான். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. ஒரு பல் லேசாக ஏறியிருக்குமாம், அது நேராகியிருந்தது. அம்மா அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கவே இல்லை. மங்கலாக இருந்தாலும் சரி, நிஜப் படத்தின் முகத்தையே வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் செய்யாத வேலையும் உண்டு. விசாவுக்கு, சொத்து வழக்குக்கு என்று சேர்ந்து நிற்பது போல ஜோடிப் படம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன். வீட்டுச் சுவரில் இருக்கும்வரை அது ஞாபகம்; ஃபைலில் சேர்ந்தால் சாட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, பிரதமர் வானிலிருந்து ஜன்னல் வழியாகச் சென்னையைப் பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி ஒட்டியது என்று கண்டுபிடித்து இணையமே சிரித்தது. இரண்டு படங்களை இணைத்தது என்று ஒப்புக்கொண்டு, படத்தை நீக்கி, வருத்தமும் தெரிவித்தார்கள்.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். மறுநாள் ஒரு பழைய ஆல்பத்தோடு வந்தார். அதில் கணவர் ஒரு மண்டபத்தில், வலப்பக்க வீடியோ லைட்டில், தோளில் துண்டோடு நின்றிருந்தார். நிழல் அப்படியே பொருந்தியது. மகனுக்குப் பின்னால் நிறுத்தினேன். சேர்த்துச் செய்த படங்களின் பின்புறம் “இரண்டு படங்களை இணைத்தது” என்று தேதியோடு எழுதுவது என் பழக்கம். அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார்.

“அவர் படம் என் தம்பி கல்யாணத்துல எடுத்தது. அதையும் எழுதிடுங்க.”