புது மாடல் காரில் நீங்களே செய்யக்கூடிய வேலையும், கை வைக்கக் கூடாத இடங்களும்

"இப்போ வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர்தானே சார், நாம என்ன பண்ண முடியும்?" கார் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனவர்களிடம் பானட்டைத் திறந்து பார்ப்பதுண்டா என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. பானட் லீவர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட உண்டு. இன்னொரு பக்கம், நாலு வீடியோ பார்த்துவிட்டு ஸ்பேனர் செட் வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றுகிறவர்கள். ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்பதால் இரண்டு பேரையும் பார்க்கிறேன். பெரிய பில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை புது வண்டிகளில் குறைந்துவிடவில்லை. வேலையின் தன்மை மாறியிருக்கிறது. முன்பு பிளக்கைக் கழற்றித் துடைப்பது, பாயின்ட் வைப்பது, கார்புரேட்டரைத் திருகி ஐடிலிங் சரி செய்வது என்று எல்லாம் கைவேலை. இப்போது சரியான பொருளைப் பார்த்து வாங்கவும், அளவுகளைக் கவனிக்கவும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். இதற்கு முதல் தேவை டேஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகம். நான் கீழே சொல்லும் எதுவும் உங்கள் வண்டியின் புத்தகத்தோடு முரண்பட்டால் புத்தகம் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் ஆயில். நான் பார்க்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 20 டபிள்யூ 50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிப் பழகிய தலைமுறை, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது வரும் பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு 0 டபிள்யூ 20, சிலவற்றுக்கு 0 டபிள்யூ 16 என்று தயாரித்தவர்களே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அந்த எஞ்சினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் அழுத்தத்தைக் கொண்டே வால்வு டைமிங்கை மாற்றும் பாகம் எல்லாம் அந்த மெல்லிய ஆயிலைக் கணக்கில் வைத்துச் செய்தவை. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேல்பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதே அந்த நொடிகளில்தான்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் கார்களில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி ஓரளவு சேர்ந்ததும் வண்டியே கூடுதல் டீசலைச் செலுத்தி, ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் அதை எரித்துவிடும். ஆனால் ஆயிலில் கலந்துள்ள உலோகச் சேர்மானங்களின் சாம்பல் எரியாது; வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள்; டின்னில் ஏ.சி.இ.ஏ சி2, சி3 என்று போட்டிருக்கும். சாதாரண டீசல் ஆயிலை ஊற்றிச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பிறகு வடிகட்டியையே மாற்ற வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இதே வண்டிகளில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் கரி எரிக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்து, முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால், அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறையாவது பைபாஸில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். டி.பி.எஃப் விளக்கு எரிந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? தாராளமாக மாற்றலாம். சமதளம் வேண்டும், பொறுமை வேண்டும், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப் இப்போது பெரும்பாலும் அலுமினியம். பழைய பழக்கத்தில் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரை போய்விடும். டிரெயின் போல்ட்டுக்கு அடியிலுள்ள வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதுப் பில்டரை ஏற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுக்கத் தரையில் கொட்டிவிடும். ஊற்றும்போது ஒரேயடியாக ஊற்றாமல், கடைசி அரை லிட்டரை டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்.

வண்டிக்கு அடியில் போவதைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் சலிக்க மாட்டேன். டிக்கியில் இருக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தக் கல் ஒரு புள்ளியில் விழும் பாரத்தில் எந்தச் சத்தமும் கொடுக்காமல் உடையும். ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். படுப்பதற்கு முன் வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு வாங்க மனம் வரவில்லையென்றால் ஆயில் மாற்றும் வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

டயர் காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். டயர் சூடாகாத நேரத்தில் அந்த அளவுக்குப் பிடியுங்கள். டயர் மேலுள்ள வரிப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றுங்கள்.

ஏசி பில்டரும் ஏர் பில்டரும் நிச்சயமாக நீங்களே மாற்றக்கூடியவை. ஏசி பில்டரில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். ஏர் பில்டர் பெட்டியைத் திரும்ப மூடும்போது கிளிப் எல்லாம் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெட்டிக்கு அடுத்து எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது. ஹோஸில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போய், செக் எஞ்சின் விளக்கு எரியும்.

அந்த விளக்கு எரிந்ததும் இப்போது எல்லோரும் ஒரு புளூடூத் ஸ்கேனரை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் வரும் கோடு, அதாவது கோளாறுக் குறியீட்டு எண், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எஞ்சின் கம்ப்யூட்டர் என்ன அறிகுறியைப் பார்த்தது என்று மட்டும் சொல்லும். ஒருவர் பி0171 என்ற கோடைப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை ஆன்லைனில் வாங்கி மாட்டினார். விளக்கு போகவில்லை. சென்சார் டூப்ளிகேட் என்று நினைத்து வேறு பிராண்டில் இன்னொன்று வாங்கினார். அந்தக் கோடுக்குப் பொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான். அவர் வண்டியில் ஏர் பில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் மடிப்புக்குள் வெடிப்பு. சென்சார் இரண்டுமே நல்லவை. நடந்ததை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தன.

கோடைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன, லோடு என்ன என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பதிவுதான். போட்டோ எடுத்துக் கொண்டு வாருங்கள். விளக்கு மின்னாமல் தொடர்ந்து எரிந்தால் பதறாமல் ஓட்டி வரலாம், வண்டி வழக்கம்போல ஓடுகிறதென்றால். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். ஓரமாக நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

பேட்டரிக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. டிராஃபிக்கில் தானாக எஞ்சின் அணைந்து எழும் வசதி உள்ள வண்டிக்கு ஈ.எஃப்.பி அல்லது ஏ.ஜி.எம் பேட்டரிதான் போட வேண்டும். விலை பார்த்துச் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசிக் கிளிப்பை, அதாவது கறுப்பு ஒயரை, சார்ஜ் இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

பிரேக் ஆயில் மட்டம் இறங்கினால் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். பிரேக் பேடு தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. நிரப்பிவிட்டால் பேடு தேய்ந்த சேதியே உங்களுக்குத் தெரியாமல் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல அமுங்குவதற்கு இது ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்குக்கு லீவர் இல்லாமல் பட்டன் இருக்கிற வண்டியில் பின் பேடு மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். ஸ்கேனர் மூலமோ கம்பெனி சொன்ன முறையிலோ ஹேண்ட் பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்காமல் கிளாம்ப் போட்டு அமுக்கினால், பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் உடைந்துவிடும்.

இனி, கையே வைக்கக் கூடாதவை. பழைய டீசல் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவோம். பல மெக்கானிக்குகளுக்கு அது கையோடு ஊறிய பழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அந்தப் பைப்பில் 1,600 பார், 2,000 பார் வரை அழுத்தம் ஏறும். கசிகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் உயர் அழுத்த மின்சாரம் போகும் ஆரஞ்சு நிற கேபிள் எங்கே போனாலும் அதன் பக்கமே போகாதீர்கள். ஹைபிரிட்டில் பானட்டைத் திறக்கும் முன் வண்டியை முழுவதும் ஆஃப் செய்து சாவியைத் தள்ளி வைத்துவிடுங்கள். சத்தமில்லாமல் நிற்கும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். ரேடியேட்டர் ஃபேனும் அப்படித்தான், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சுற்றும். ஏர்பேக் ஒயர்களின் மஞ்சள் கனெக்டரைப் பிடுங்காதீர்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதை மூடித் தைத்த கவர் போடவும் வேண்டாம்.

கூடுதல் லைட்டும் ஹார்னும் மாட்ட ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. கருகிய ஒயரோடு எங்களிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இப்படி ஃபியூஸ் இல்லாமல் எடுத்த இணைப்பைத்தான் பார்த்திருக்கிறேன். லைட் வேண்டுமென்றால் அந்த வண்டிக்கென்றே வரும் ஹார்னஸ், ரிலே, ஃபியூஸோடு போடச் சொல்லுங்கள்.

வாரண்டி போய்விடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தார் என்பதற்காகவே மொத்தமாக வாரண்டியை மறுக்கும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீடுகள் பல வருடம் நடந்தன. நடைமுறையில், வாரண்டி காலத்தில் குறித்த சர்வீஸ்களைப் புத்தகம் சொன்னபடி செய்துகொள்ளுங்கள். இடையில் நீங்களே செய்யும் சின்ன வேலைகளுக்கும் பில், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் அந்த நோட்டு உதவும்.

கடைசியாக, வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். அது சட்டப்படியே அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் ஊற்றிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவர்கள் அங்கே வருவார்கள். பில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு, அதையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.